முந்தி ஓடும் கடிகாரம்

செனோக்கோவில் என் சமையற்கூடம்.
இரவு பதினொன்றரைக்கு அடுப்பு பற்றும்.
ஒன்று பத்துக்குச் சோறு வடியும்.
மூன்றரைக்கு லாரி.
விடியுமுன் துவாஸில் இறங்கும்
அறுநூற்று நாற்பது பொட்டலங்கள்
கப்பல் பட்டறையின் கம்பிவேலி ஓரம்
வெயில் ஏற ஏற உட்கார்ந்திருக்கும்,
பன்னிரண்டு மணிச் சங்குக்காக.

சமைத்த நான்கு மணி நேரத்துக்குள்
உண்டுவிட வேண்டும் என்பது விதி.
விதி அவர்களுக்குத் தெரியும்.
எனக்குக் கணக்கு தெரியும்.
ஸ்டிக்கர் அடிக்கும் பெட்டியின் கடிகாரத்தை
ஏழு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன்.
சமைத்தது 8.10.
உண்ண வேண்டியது 12.10க்குள்.
என்ன வேடிக்கை என்றால்,
லாரி கிளம்பும்போது
என் சாம்பார் இன்னும் சமைக்கப்பட்டே இருக்காது.

மூன்று வருடம்.
ஒருவரும் சாகவில்லை.
ஒருமுறை இருவர் சாரத்திலிருந்து இறங்கி
வாந்தி எடுத்தார்களாம்.
வெயில் என்றார் மேற்பார்வையாளர்.
நானும் வெயில் என்றேன்.

குளுவாங்கிலிருந்து புதிதாக வந்தவன் லோகேந்திரன்.
முதல் இரவே கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு
பெருமையாகச் சொன்னான்:
"மெஷின்ல டைம் தப்பா ஓடுதுக்கா, சரி பண்ணிட்டேன்."

அறுநூற்று நாற்பது முறை
அடித்து ஒட்டியாகிவிட்டது:
சமைத்தது 1.10. 5.10க்குள் உண்க.
வாசலில் சுல்கிஃப்லி
லாரியை உறுமவிட்டு நிற்கிறார்.

உரி என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
என் முகத்தை ஒருதரம் பார்த்தான்,
நகத்தால் ஓரத்தைக் கிளப்பி
கிழியாமல் உரிக்கத் தொடங்கினான்.
கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.
ஒரே இரவில் தொழில் கற்றுக்கொண்டுவிட்டானே,
அதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

நாற்பதாவது பொட்டலத்தில் போதும் என்றேன்.
உரித்தவற்றில் திரும்ப ஒட்டச் சொன்னேன்.
லாரி போயிற்று.
தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள்.
உண்மையை மூடிமேல் ஒட்டி அனுப்பினேன்,
உள்ளே அதே சோறுதான்.

பகல் பன்னிரண்டு இருபதுக்குத் தொலைபேசி.
ஸ்டிக்கரில் என் எண் உண்டு,
அதுவரை யாரும் அழைத்ததில்லை.
பின்னால் உளி இயந்திரச் சத்தம்.
"அக்கா, அஞ்சு பத்துக்குள்ள சாப்பிடணும்னு போட்டிருக்கே,
அது சாயங்காலம்தானே?"

எவ்வளவு மரியாதையாக
எனக்கொரு கதவைத் திறந்து வைத்தார்!
சாயங்காலம் என்றால் சாப்பிடுவார்.
காலை என்றால் இரவு எட்டு வரை
தண்ணீரும் பிஸ்கட்டும்.
அரிசி உலை கொதிக்கும் அளவு நேரம்
எனக்குத் தேவைப்பட்டது.

காலை என்றேன்.

அவர் கொஞ்சம் சிரித்தார்.
"மோந்து பாத்துட்டேங்க்கா, பரவால்ல.
நேத்திக்கு இது தேவலை."
வைத்துவிட்டார்.
பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அன்று மாலை குத்தகைக்காரர் டேயிடம் போனேன்.
ஒன்பது மணிக்கு வடித்து
பதினொன்றரைக்கு இறக்குகிறேன்;
பகல் ஆளுக்குச் சம்பளம், இன்னொரு நடை லாரி,
பொட்டலத்துக்கு எண்பது காசு கூட வேண்டும்.
அவர் கெட்டவர் இல்லை.
காப்பி வாங்கித் தந்தார்.
தன் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
அதில் இருந்தது
வேறொரு சமையற்கூடத்தின் விலை,
என் பழைய விலையிலும் பத்துக் காசு குறைவு.

இப்போது கிராஞ்சியில் இருநூற்றுப் பத்துப் பொட்டலம்.
மூன்று அடுப்பில் ஒன்று ஓய்கிறது.
லோகேந்திரன் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போனான்,
என்ன கற்றுக்கொண்டு போனான் என்று தெரியவில்லை.
வங்கிக்காரர் மாதம் ஐந்தாம் தேதி நினைவூட்டுகிறார்.
பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுகிறது.

நான் தூங்குகிறேன், ஆம்.
ஆனால் அதிகாலை மூன்றரைக்கு
விழிப்பு வந்துவிடுகிறது, பழக்கம்.
துவாஸின் கம்பிவேலி ஓரம்
இப்போது இறங்கிக்கொண்டிருக்கும்
யாருடையதோ சாம்பார்,
இன்னும் சமைக்கப்படாதது.