மூன்றரை அங்குலம்

நவம்பர் கடைசியிலிருந்து வார்தோவில்
சூரியன் வேலைக்கு வருவதில்லை.
சிகரெட் பெட்டியளவு கணினி ஒன்றைப்
படகுக்கென்று சுன்னீவாவே கட்டி முடித்துவிட்டாள்.
அதற்கொரு முகம் வேண்டும்:
மீன்கிடங்கின் குளிர், பேட்டரியில் மீதி,
பம்பு ஓடுகிறதா,
இவ்வளவுதான்.

முதலில் வந்தது ஐந்து அங்குலம்.
முழுக்கக் கண்ணாடி. விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு திறக்கும்.
சமையலறை மேசையில் அதை மெச்சாதவர் இல்லை.
ஹால்வர் மட்டும் கேட்டான்,
எத்தனை ஆம்பியர் தின்னும் என்று.

கடலில் முதல் நாளே
அது ரப்பர் கையுறையைப் பார்த்து
யார் நீ என்றது.
தட்டினாள், குத்தினாள், தேய்த்தாள். ம்ஹூம்.
பிறகு ஓர் அலை எகிறிச் சிதறியது.
ஏழெட்டுத் துளி கண்ணாடியில் விழ
பட்டியல் திறந்தது, மூடியது,
பம்பு நின்றது.
கடல் தொட்டால் திறக்கிறது,
நாங்கள் தொட்டால் இல்லை.

இப்போது இருப்பது மூன்றரை.
மங்கல். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும்.
மேலே மெல்லிய பிளாஸ்டிக் தோல்;
அமுங்கினால்தான் அதற்குக் காது கேட்கும்.
வாங்கிய அன்று நான்கு மூலையிலும்
கூட்டல் குறிகளை அழுத்தி அழுத்தி
இடம் எது, வலம் எது என்று சொல்லிக்கொடுத்தோம்.
அப்படியும் தொட்ட இடத்துக்குக்
கொஞ்சம் கீழேதான் எடுத்துக்கொள்கிறது.

ஹால்வர் கத்திப்பிடியால் அழுத்துகிறான்.
நான் அவசரத்துக்கு முழங்கையால்.
சுன்னீவா கையுறையோடு, பெருவிரலால்,
சற்றே மேலே தள்ளி.

அந்த ஐந்து அங்குலம்
வீட்டில் அடுப்புக்கு மேலே
பேருந்து நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது.
வெறுங்கையோடு வருபவர்களிடம்
நன்றாகத்தான் பழகுகிறது.