துடைத்த வட்டம்

அந்தப் பாறைக்கு 'ரை ரொட்டி' என்று பெயர் வைத்தது நான்தான்.
பசி.
ஆர்ஹூஸில் அதிகாலை மூன்றரை, அங்கே பிற்பகல்.
அங்கே ஒரு நாள் நம்முடையதைவிட நாற்பது நிமிடம் நீளம்.
தினமும் நாற்பது நிமிடம்
என் வீட்டிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டிருந்தேன்.
எங்கள் செவ்வாய்க்கிழமைகள் புதனுக்குள் கசிந்தன.

தூரிகை ஐம்பது நொடி சுழன்றது.
சுழன்றதா என்பது
பதினான்கு நிமிடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும்.
படம் மேலிருந்து கீழாக
வரி வரியாக இறங்கியது.
உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம்.

கறுப்பு.

பெயரிலேயே சிவப்பை வைத்திருக்கும் கோள்
வெங்காயத் தோல்கூட இல்லாத பூச்சுக்குக் கீழே
கரி பிடித்த சட்டியின் அடிபோல.
பதினொரு வருடம் இதற்காகக் கணக்குப் போட்ட
எஸ்பன் ஸ்கௌகோர் மூச்சுவிடவில்லை.
கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தார்.
மறுபடி பார்த்தார்.

அதன்பின் என் வேலை அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது.
துடைத்த இடம் எத்தனை நாளில் காணாமல் போகிறதோ
அதுதான் தூசியின் வேகம்.
பத்தாம் நாள் ஓரம் மங்கியது.
முப்பத்தோராம் நாள் ஒரு புழுதிச் சுழல் கடந்துபோய்
எல்லாவற்றையும் திரும்பக் கறுப்பாக்கியது.
வரைபடத்தில் அந்தப் புள்ளி
எந்தக் கோட்டுக்கும் அடங்காமல் நின்றது.
டார்தே அழிக்கச் சொன்னாள்.
இருக்கட்டும் என்றேன்.

கீழ்த்தளத்தில் எங்கள் செயற்கைச் செவ்வாய்:
பால்வண்டித் தொட்டி அளவில் ஓர் இரும்புக் குழாய்.
யூட்லாந்துக் காட்டின் செம்மண்ணை
மாவைவிட நைசாகச் சலித்து
உள்ளிருக்கும் காற்றில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு
தூவுவோம்.
காந்தத் தகடுகளுக்கு மீசை முளைக்கும்.
என் காதுமடலில், காலரில், சாப்பாட்டுப் பெட்டி மூடியில்
செம்மண்.
ஒருமுறை யெப்ப தும்மினான்,
இரண்டு மாத உழைப்பு போயிற்று.
மறுநாள் கேக்கோடு வந்தான்.
மன்னித்தோம், நல்ல கேக்.

ஸ்டீனா தன் அலமாரியைக் கொண்டுபோன பிறகு
கூடத்துச் சுவரில் ஒரு நீள்சதுரம் மிஞ்சியது,
மற்ற சுவரைவிட வெளுப்பாக.
ஒளியளவுமானி என் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள்
ரொட்டி முழுக்கச் சிவந்துவிட்டது.
படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினால்
ஒரே ஒரு கீறல்,
தூரிகையின் ஏதோவொரு மயிர் பட்ட இடம்,
அதற்குள்ளும் தூசி.
"இதைத் தூசியில் சேர்ப்பதா பாறையிலா?" என்றார் எஸ்பன்.
அறிக்கையில் இரண்டே கட்டங்கள்,
ஒன்றில் குறியிட வேண்டும்.
பக்கத்தில் பேனாவால் மூன்றாவதாக ஒன்று வரைந்தேன்.
அதற்கு என்ன தலைப்பு எழுதுவது என்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கையில்
வெளியே நவம்பர் மழை,
ஜன்னலைக் கழுவிக்கொண்டிருந்தது,
யாரும் கேட்காமலே.