ரேகை

நானுலியின் விரல் பத்தையும்
கண்ணாடி ஏற்கவில்லை.
துடைத்தேன். களிம்பு தடவினேன்.
"மறுபடி" என்றேன், பதினோரு முறை.

குத்தாய்சி பாஸ்போர்ட் அலுவலகத்தில்
நான் பார்க்காத விரல்களா?
இவை சுவர் பூசும் கைகள்.
இருபது வருட சிமென்ட்
மேட்டையும் பள்ளத்தையும் தின்றுவிட்டு
தேய்ந்த சோப்பாய் மிச்சம் வைத்திருக்கிறது.

"அப்போ நான் யாருமில்லையா?"
அவள் சிரிக்கவில்லை.

தேய்ந்தது செத்த தோல்தான், நானுலி.
அடியில் பிறந்து, மேலே ஏறி,
ஏறும் வழியிலேயே உயிரை விட்டு
ஓடாகக் கவிவது.
அச்சு அதற்கும் கீழே,
ரத்தம் ஓடுகிற தளத்தில்.
உன் அம்மா உன்னைச் சுமந்தபோதே வார்த்தது.
சிமென்ட் அவ்வளவு தூரம் போகாது.
ஒரு மாதம் கையைச் சும்மா வை.

"ஒரு மாதமா?"
வாடகையை விரல் விட்டு எண்ணினாள்,
அதே விரல்களை.

நாற்பதாம் நாள் வந்தாள்.
கையில் வால்நட் எண்ணெய் வாசம்.
திரையில் எழுந்தது ஒரு சுழி,
வரிகளின் முகட்டில்
வெள்ளைப் புள்ளிகளாய் வியர்வைத் துளைகள்.
தொலைந்த பிள்ளையின் போட்டோவைப் பார்ப்பதுபோல்
குனிந்து பார்த்தாள்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"இத்தாலியில் என்ன வேலை?" என்றேன்,
முத்திரை குத்திக்கொண்டே.

"ஹோட்டலில் பாத்திரம் கழுவ."

சொல்லிவிட்டுத்தான்
தன் கையைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.

அவள் போன பிறகும்
கண்ணாடியில் கொஞ்ச நேரம் இருந்தாள்,
எண்ணெயாய், வரிவரியாய்.
அடுத்த ஆள் கோட்டைக் கழற்றி
விரலை நீட்டும்வரை
நான் துடைக்கவில்லை.