சிப்பிப் பெட்டி அட்டை

படிவத்தின் நான்காம் பக்கம் கேட்டது:
குழந்தை முதல் சொல்லை எந்த வயதில் பேசியது?
பதினொன்றாம் மாதம் என்று எழுதினேன்.
என்ன சொல்?
"இன்னும்."
காலிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு,
மூக்கின்மேல் பூசணிக் கூழோடு.
அதற்கெல்லாம் கட்டத்தில் இடமில்லை.

அதே அன்செல்மோவுக்கு இப்போது எட்டு வயது.
ஒரு வரி படித்து முடிப்பதற்குள்
கெட்டிலில் தண்ணீர் கொதித்துவிடுகிறது.
பே, தே,
இரண்டு எழுத்துக்கும் ஒரே தடி, ஒரே தொப்பை.
தொப்பை எந்தப் பக்கம் என்பதில்தான் வழக்கு;
தீர்ப்பு தினமும் மாறுகிறது.

ஆசிரியை, சோம்பல் என்றார்.
அவன் அப்பா, கைபேசி என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அடித்தேன், ஒரே ஒருமுறை,
அவனுடைய நோட்டாலேயே.
அதை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

காஸ்த்ரோ மருத்துவமனையில் எங்கள் எண்
இருநூற்றுப் பதினேழு.
"பதினோரு மாதம் ஆகும்" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்,
பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.
பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தனியாரிடம் போவதென்றால்
தீவைவிட்டுப் படகு, அப்புறம் பேருந்து,
ஒரு நாள் கூலி போச்சு.
ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் கேட்கும் தொகைக்கு
இரண்டு நாள் நின்று சிப்பி பிரிக்க வேண்டும்.
எனக்குக் கணக்கு நன்றாக வரும்.
அதுதான் கொடுமை.

பதினான்காம் மாதம் கூப்பிட்டார்கள்.
சிகிச்சையாளர் பெயர் தமாரிஸ் ஓயார்சோ.
என்னைவிட இளையவர், காலணி முழுக்கச் சேறு.
அவனைப் படிக்கவே சொல்லவில்லை;
கைதட்டச் சொன்னார்.
மா, ரி, போ, சா.
நான்கு தட்டில் ஒரு வண்ணத்துப்பூச்சி.
பிறகு ஓர் அட்டை, நடுவில் நீளமாகக் கீறிய ஜன்னல்.
பக்கத்தின்மேல் வைத்தால்
ஒரு வரி மட்டும் உள்ளே வரும்,
மற்றதெல்லாம் வெளியே மழையில் நிற்கும்.

குணமாகுமா என்று கேட்டேன்.
"இது நோயில்லையே" என்றார்.
பேருந்தில் வீடுவரை
மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்
அந்தப் பதில் வாயில் கிடந்தது.
நோயில்லையென்றால் எதை அடித்தேன்?

அரசு தருவது எட்டு அமர்வுகள்.
எட்டாவதன் முடிவில்
தமாரிஸ் கோப்பை மூடினார், மறுபடி திறந்தார்.
"இனிமேல் நீங்கள்தான்" என்றார்,
தன் வாயிலிருந்து வந்தது
தனக்கே பிடிக்காதவர்போல.

மூன்றாம் நாளே அன்செல்மோ அட்டையைத் தொலைத்தான்.
ஆலை ஓய்வறையில்
சிப்பி அடைக்கும் பெட்டியைக் கிழித்து
நானே ஒன்று வெட்டினேன்.
என்ன துடைத்தும் உப்பு வாடை போகவில்லை.
முகர்ந்து பார்த்தவன்
"உன் கை" என்றான்.
அப்புறம் படித்தான்:
நாய், படகைப் பார்த்து, குரைத்தது.
கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.
நான் எழுந்து போகவில்லை.

இப்போது ஓய்வறையில் என் கத்திக்கு வேலை.
எலியானாவின் மகளுக்கு ஒன்று.
இரவுக் காவலாளியின் இரட்டையரில் ஒருவனுக்கு ஒன்று,
எந்த ஒருவன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.
சனிக்கிழமைகளில் ஐந்து பேர் கூடுகிறோம்,
பிள்ளைகளைக் கைதட்டவிட்டு.
கீழ்வீட்டுக்காரர் விருந்தென்று நினைத்து
ஒருமுறை மதுப்புட்டியோடு வந்தார்.

நேற்று ஹெர்மீனியா.
இருபது வருடமாக என் இடப்பக்கம் நிற்பவள்.
விதிமுறைத் தாளில் கையெழுத்து வாங்கும் நாளில் மட்டும்
கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வருபவள்.
கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு
"எனக்கும் ஒன்று வெட்டு" என்றாள்.
மகனுக்கா என்றேன்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை,
கையுறையை மறுபடி மாட்டவுமில்லை.

எவ்வளவு அகலம் என்று மட்டும் கேட்டேன்.