வலது முழங்கை

பதினேழாவது கேஸ். இன்னும் நூற்று மூன்று.
துலூத்தில் ஜனவரி. ஏரி இறுகிவிட்டது,
தாதுக் கப்பல்கள் துறைமுகத்தில் விளக்கணைத்து நிற்கின்றன.
கப்பல் ஓடாத மாதத்தில்தான்
மாலுமிகள் உடம்பைப் பழுதுபார்க்க வருவார்கள்.
இன்றைக்கு ஒரு கப்பல் சமையல்காரர்,
இடப்பக்கக் குடலிறக்கம்.
மயக்கம் ஏறுமுன் கேட்டார்:
"நீங்கள் யார்?"
"ரோண்டா. மாணவி."
நாற்பத்திரண்டு வயதில் அந்தச் சொல்
முகமூடிக்குள் மோதிச் சூடாகத் திரும்பியது.

போன மார்ச் வரை
உறைந்த பீட்சாக்களை அட்டைப்பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.
ஓடும் பட்டை நிற்காது, நானும் நிற்கவில்லை.
இப்போது நிற்கக் கற்கிறேன்:
கை இடுப்புக்குக் கீழே போகாமல்,
தோளுக்கு மேலே ஏறாமல்,
முதுகு என்று ஒன்று எனக்கு
எதிரிபோல் பின்னால் இருப்பதை மறக்காமல்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல்
முள்கரண்டிகளை வரிசை வைத்து
கண்ணை மூடி எடுத்துப் பழகினேன்.
மகன் ஈரோ கை நீட்டுவான்.
"கிளாம்ப்" என்பான், "கத்தரி" என்பான்,
ஒருநாள் "சாக்லெட்" என்றான்.
அதையும் உள்ளங்கையில் அறைந்து வைத்தேன்.
அப்படித்தான் கொடுக்க வேண்டும்.
வெட்டிய இடத்திலிருந்து கண்ணெடுக்காதவருக்கு
வந்துவிட்டது என்று எலும்பு சொல்ல வேண்டும்.

எதிரே பா ஹுவா.
என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள்,
எனக்கு மதிப்பெண் போடுகிறவள்.
முகமூடி போட்டபின் புருவத்தால்தான் பேச்சு.
டாக்டர் அபெர்நாத்தி நேற்றைய ஹாக்கி ஆட்டத்தை
ஒவ்வொரு கோலாகச் சொல்லிக்கொண்டே தைக்கிறார்.

வலை வைக்கும் நேரம்.
உள்ளங்கை அகல வெள்ளை வலை,
இந்த மனிதருக்குள் போய்
ஆயுளுக்கும் அங்கேயே தங்கப்போவது.
கிண்ணத்தை நகர்த்தத் திரும்பினேன்.
வலது முழங்கை
மருந்துப்பை தொங்கும் கம்பியில்
பட்டதா?

பட்டது.

எறும்பு ஊர்ந்தாற்போல, அவ்வளவுதான்.
டாக்டரின் கண் காயத்தில்.
பா ஹுவா நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.
டெங் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ எழுதினார்.
மானிட்டர் தன்பாட்டுக்கு ஒலித்தது.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த கேஸ்.
மாற்றினால் ஐந்து நிமிடம் போகும்.
படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.
கம்பியைக் காலையில் துடைத்திருப்பார்கள்,
துடைத்திருப்பார்கள்தானே?
ஆலையில் வாசலில் பையைத் திறக்கச் சொல்லி
கை சுத்தமா என்று அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.
பதினொரு வருடம் அது எனக்கு அவமானம்,
வசதியும்கூட.
இங்கே பார்ப்பதற்கு ஆளில்லை.
இவ்வளவையும் நினைக்க
ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

"என் முழங்கை பட்டுவிட்டது," என்றேன்.
"வலது. கம்பியில்."

ஹாக்கி நின்றது.
டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார்,
அதில் கோபமா பசியா தெரியவில்லை.
"சரி," என்றார். கைகளை மார்போடு கோத்து நின்றார்.
டெங் வந்து முதுகு முடிச்சை அவிழ்த்தார்,
கவுனை உரித்தார், கையுறையை உரித்தார்.
அந்தக் குளிர் அறையில் ஒரு நொடி
என் புஜத்து ரோமம் சிலிர்த்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.
புதிய கவுன். ஆறரை அளவுக் கையுறை.
யாரும் பாராட்டவில்லை.
பாராட்டியிருந்தால் அழுதிருப்பேன்,
அழுதால் அதுவும் ஓர் அசுத்தம்.

கை நீண்டது.
வலையை வைத்தேன்.
மூன்றாவது கோலிலிருந்து ஆட்டம் தொடர்ந்தது.

பஞ்சு பத்து, ஊசி நான்கு, எல்லாம் திரும்பின.
பா ஹுவா படிவத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.
பக்கத்தில் சின்னதாக என்னவோ எழுதினாள்.
மடித்துக் கொடுத்தாள். நான் இன்னும் படிக்கவில்லை.

பேருந்தில் இடம் இல்லை.
கைகளை மார்புக்கு நேரே கோத்தபடி
எதையும் தொடாமல் நின்று வந்தேன்,
எதிரில் ஒரு குழந்தை உற்றுப் பார்த்தது.
மலைச்சரிவுத் திருப்பத்தில் பனியில் சக்கரம் வழுக்க
விழப்போன நான்
கம்பியைப் பிடித்தேன்.
வெறுங்கையால்.
யாரோ சற்றுமுன் விட்ட இடம்,
இன்னும் சூடாக இருந்தது.