பத்தாவது விரல்

நெல்லாலைக் கந்தோரில் தூசு மூன்று வகை:
உமித்தூசு, தவிட்டுத்தூசு,
எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத ஒன்று.
மூன்றும் போய்க் குந்துமிடம்
இந்த லப்டொப்பின் வலது மூலையில்
தபால்தலையிலும் சிறிய கறுப்புச் சதுரம்.

கொழும்பில் யாரோ கழித்துவிட்ட மெசின்.
விண்டோஸுக்கு மூச்சு வாங்கியது, லினக்ஸ் போட்டேன்.
நிறைக் கணக்கில் யாரோ கைவைத்த அன்று
"பாஸ்வேட் வேணாம் புள்ள, விரல வெப்பம்" என்றார்
அலியார் ஹாஜியார்.
அவருடைய பாஸ்வேட்
அவருடைய மோட்டார்சைக்கிள் நம்பர் என்பது
அக்கரைப்பற்றில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

முதல் இரவு.
யூஎஸ்பிப் பட்டியலில் அது இருக்கிறது,
பெயரில்லாமல், எட்டிலக்க எண்ணாக.
கூப்பிட்டால் மட்டும்
"சாதனம் எதுவும் இல்லை."
கடன்காரன் படலையில் நிற்க
ஆள் வீட்டில் இல்லையென்று
அவரே உள்ளிருந்து சொல்வது போல.

இரண்டாம் இரவு
டிரைவரை நானே கட்டினேன்.
எண்பத்தேழு வீதத்தில் கரண்ட் போனது.
பழைய பற்றரி நாலு நிமிடம் உண்மையாயிருந்தது.
இருட்டில் கச்சான் காற்று
தகரக் கூரையை ஒவ்வொரு ஆணியாகச் சோதித்தது.

மூன்றாம் இரவு திறந்தது.
விரலை வைத்தேன்.
"இடம் நிரம்பிவிட்டது."

எப்படி?
வன்தட்டை ஒரு பிட் மிச்சமில்லாமல்
துடைத்தவள் நான்.
வாசித்து வாசித்து விடியச் சாமம் விளங்கியது:
ரேகைகள் வன்தட்டில் இல்லை,
அந்தச் சதுரத்தின் அடியில்,
சில்லுக்குள்ளேயே இருக்கின்றன.
பத்து இடம், பத்தும் ஒரே ஆளுடையது.
எடுத்துப் பார்க்க முடியாது.
அந்த விரலே திரும்பி வந்து தொட்டால்
ஓம், இதுதான் என்று சொல்லும்,
அவ்வளவுதான்.

யாராக இருக்கும்?
பத்து விரலையும் பதிந்தவர்
பயந்த ஆளா, பொழுது போகாத ஆளா?
அழிக்கவா என்று கேட்டது.
ஒரு எழுத்தைத் தட்டினேன்.
கொழும்பில் எவருக்கும்
தூக்கத்தில் கை கூசியிருக்காது.

காலையில் ஹாஜியார் ஐந்துதரம் தொட்டார், முடிந்தது.
உடனே தேத்தண்ணி சொன்னார்.

பிறகு மாணிக்கப்போடி.
பெயரில் போடியார், வயல் ஒரு காணியும் இல்லை.
ஆலையடிவேம்பிலிருந்து சைக்கிளில் வந்து
லொறிக்கு மூட்டை ஏற்றி
எண்ணிக்கைக்குப் பொறுப்பு நிற்பவர்.
இருபத்தாறு வருடச் சாக்கு நார்
அவர் விரல்களில் போய்வந்திருக்கிறது.

"மீண்டும் வையுங்கள்."
"நடுவில் வையுங்கள்."
"மீண்டும்."
கச்சான் காலத்துத் தோல், காய்ந்த ஓலை.
ஈரத்துணி கொடுத்தேன்.
அவரோ தலைமயிரில் விரலைத் தேய்த்து
எண்ணெயோடு வைத்தார்.
"மீண்டும்."

பிழைப்பதிவைத் திறந்து பார்த்தேன்.
டிரைவரில் பிழையில்லை, சில்லில் பிழையில்லை.
வரி வரியாக அது எழுதியிருந்ததெல்லாம்
கோடுகள் போதாது என்பதுதான்.

"எண்ட கைய அதுக்குப் புடிக்கல்ல போல" என்றார்.
கதிரையில் இருக்கவில்லை,
தவிடு ஒட்டுமாம்.

வலது ஐந்தும் போனது.
இடது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல்.
கடைசியாகச் சின்னவிரலை,
அதை வைக்கக் கொஞ்சம் வெட்கப்பட்டவராய், வைத்தார்.

பச்சை.

மூட்டை தூக்கும்போது
அது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமாம்.
"இதுக்கு எலெக்சனுக்கு எலெக்சன்தான் வேல,
மை பூச" என்றார்.
சிரித்தது முதலில் ஹாஜியார்தான்,
பிறகு ஏனோ நிறுத்திவிட்டார்.

இன்னும் ஒரு கோளாறு மிச்சம்.
மூடித் திறந்தால் மெசின் விழிக்கிறது,
சதுரம் விழிப்பதில்லை.
காலை ஏழரை, வெளியே லொறிக்காரன் ஹோன் அடிக்கிறான்.
நான் சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறேன்.
மாணிக்கப்போடி பக்கத்தில் நிற்கிறார்,
தோளில் சாக்கு,
தூசு படாமல்
சின்னவிரலை மட்டும் உயர்த்திப் பிடித்தபடி.