மாதிரி போதவில்லை

ரத்தக் குழாய்கள் சுழன்று முடிய
பத்து நிமிஷம்.
அந்தப் பத்து நிமிஷத்தில்தான்
கீழக்கரையும் ராமேஸ்வரமும்
எங்கள் லேப் மேசைமேல் மோதிக்கொள்ளும்.

"உங்க ஊர்ல நடை சாத்துனா
நாயும் படுத்துரும்" என்பான் முஃபீத்.
"உங்க ஊரு ராத்திரியே
ஒரு பரோட்டாக் கல்லு அகலம்தானடா"
என்பான் எக்ஸ்ரே நம்புராஜன்.

முஃபீத் கணக்கில்
பதினொன்றுக்கு மேல்தான் ஊர் விழிக்கும்.
துபாய் லீவில் வந்தவனின் புது பைக்,
ஓட்டிப் பார்க்க வரிசையில் ஆறு பேர்.
ஃப்ளட்லைட் போட்டு ஃபுட்பால்.
குறி தவறினால் பந்து கடலுக்குள்;
இடுப்புத் தண்ணியில் இறங்கி எடுத்து வருபவனுக்கு
அன்றைய சுலைமானி இலவசம்.
நோன்பு மாதமென்றால்
சஹர் வரைக்கும் கடைத்தெருவில்
தோள் இடிக்காமல் நடக்க முடியாது.

நம்புராஜனிடம் கூட்டம் இன்னும் அதிகம்,
ஒருத்தரும் உள்ளூர் இல்லை.
நடுராத்திரி ரயிலுக்கு
ஸ்டேஷன் வாசலில் பாதி சிநேகிதர்கள் ஆட்டோவோடு;
உடைந்த இந்தியில் ரூம் பேசி
வந்த கமிஷனில் ஃபலூடா.
பாம்பன் பாலத்தில் நின்றால்
காற்று சட்டையைக் கழற்றப் பார்க்கும்.
"சரக்கு?"
"அதுக்குப் பாலம் தாண்டணும்" என்பான்
யாரோ இறந்துபோன குரலில்.
உடனே நிமிர்ந்து, அரிச்சல்முனை:
இருட்டுமுன் விரட்டிவிடுவார்கள், வாஸ்தவம்,
ஆனால் செல்லுக்கு ஒரு செய்தி வந்துவிடும்
இலங்கைக்கு நல்வரவு என்று.
"பைக்குல ஃபாரின் போயிருக்கியாடா நீ?"

பிரிசில்லா, நீ சொல்லு.
ரெண்டு ஊர்லயும் இருந்தவ நீதான்.

இருந்தேன்.
கீழக்கரை ராத்திரி
மூன்று வருஷமும் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியேதான் இருந்தது.
சத்தத்தை வைத்தே
இது டியூக், இது புல்லட்,
இது சைலன்சர் கழன்ற ஏதோ ஒன்று என்று
ரில்ஃபாவும் நானும் படுத்தபடி சொல்வோம்.
கொத்துப் பரோட்டாவின் தாளம்
ஜன்னலேறி வரும்.
பரோட்டா வராது.

ராமேஸ்வரத்தில் எங்கள் கரையூர்ச் சந்தில்
மூன்று மணிக்கு ஐஸ் நொறுக்குவார்கள்.
நாலு மணிக்குத் தீர்த்தமாடிவிட்டு
வடநாட்டுக் குடும்பம் ஒன்று
லாட்ஜுக்கு வழி தெரியாமல் வந்து நிற்கும்.
மருமகளுக்கு என் வயசிருக்கும்.
செருப்பில்லாமல், தலை துவட்டாமல்,
நடுத்தெருவில், அந்நேரத்துக்கு,
கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பாள்.
அந்தக் கொட்டாவியைத்தான்
கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரே ஒரு தடவை,
ரில்ஃபா கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி.
அவள் தம்பி ஸ்கூட்டர். ஓட்டியது நான்.
மருதாணி காயாத இரண்டு கையையும்
தூக்கிப் பிடித்தபடி பின்னால் மணப்பெண்,
போலீஸ் நிறுத்தியவள்போல.
ஜெட்டியில் மணி பதினொன்று ஐம்பது.
பையன்கள் பேச்சை விட்டார்கள்.
ஒருத்தன் எங்களுக்காகப்
பாட்டை நிறுத்தினான்.
நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.

குச்சி ஐஸை நான்தான் ஊட்டினேன்.
பாதி அவள் தாடையில்.
கடலில் தெரிந்தது கப்பலா நட்சத்திரமா என்று
கொஞ்சம் சண்டை.
ஐஸ் தீர்ந்தது, குச்சியைக் கடித்தாள்,
"போலாம்டி, தேடுவாங்க."
மொத்தம் ஏழு நிமிஷம்.

மெஷின் நின்றுவிட்டது.
இருவரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.
குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்,
அடியில் கொஞ்சூண்டு.
மண்டபத்திலிருந்து வந்த குழந்தையுடையது.
ரிப்போர்ட்டில் வழக்கம்போல் அடிக்கிறேன்:
மாதிரி அளவு போதவில்லை.
மீண்டும் அனுப்பவும்.

"எங்களுக்குப் பதில்?" என்கிறான் முஃபீத்.